கடைக்கண் சத்திரசிகிச்சை: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணின் மூலையைத் திருத்தும் ஒப்பரேஷன் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மேசையில் நடப்பதை டொக்டர் பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கத்து ஆட்கள் இடறுவது அதற்கு முன்னும் பின்னும்தான். கண்ணைச் சோதிக்காமல் விலையைக் கேட்பார்கள், திகதி எடுத்த பிறகு தங்குமிடம் தேடுவார்கள், தையல் வெட்டுவதற்கு முன்பே புதுக்குடியிருப்புக்குத் திரும்பி வந்து வீதித் தூசிக்குள் நிற்பார்கள். நான் இதைச் செய்துகொண்டவள். பிறகு தெரிந்தவர்கள் பலருக்குத் துணைக்குப் போனவள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். தங்குமிடம் ஏன் திகதிக்கு முன்னால் வருகிறது என்று 5ஆம் பகுதியில் புரியும்.

1. உங்கள் குறை எது என்று முதலில் பிரியுங்கள்

காதுப் பக்க மூலை சரிந்திருக்கிறது என்று சொல்லி வருபவர்கள் எல்லாரும் ஒரே ரகமல்ல. வயது போய், கீழ் இமை தளர்ந்து வெளியே பிரண்டு, கண்ணீர் வழிந்தபடி இருப்பவர்கள் ஒரு பகுதி. முகவாதம் வந்து ஒரு கண் மூடாமல் போனவர்கள் இன்னொரு பகுதி. செல் (எறிகணை) துண்டு, தீக்காயம், மோட்டார் சைக்கிள் விபத்து என்று ஏதாவது பட்டு, தழும்பு மூலையைக் கீழே இழுத்து வைத்திருப்பவர்கள் வன்னியில் குறைவில்லை. மிச்சப் பேருக்குக் கண் நன்றாகவே வேலை செய்யும், வடிவம்தான் பிடிக்காது.

பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், போகிற வழி வேறு வேறு. முதல் மூன்று பகுதியினருக்கும் இது மருத்துவத் தேவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ போகலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை, காத்திருப்புத்தான் உண்டு. இது தெரியாமல் கனடாவிலிருந்து காசு வரட்டும் என்று வருடக்கணக்காகக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். வடிவத்துக்காக மட்டும் செய்பவர்கள் தனியார் பக்கம்தான் போகவேண்டியிருக்கும்.

முகவாதம் வந்து சில வாரங்களே ஆனவர்கள் அவசரப்பட வேண்டாம். அது பலருக்குத் தானாகவே தேறும். அதுவரை கண் காயாமல் துளி மருந்தும், இரவில் இமையை மூடி ஒட்டுவதும் போதும். நிரந்தரத் திருத்தத்தை டொக்டர் பிறகுதான் யோசிப்பார்.

வடிவத்துக்காக யோசிப்பவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, புருவ நுனியை ஒரு விரலால் மெல்ல மேலே தூக்குங்கள். அப்போதே கண் நீங்கள் விரும்பியபடி தெரிந்தால் குறை மூலையில் இல்லை, சரிந்த புருவத்திலோ தொங்கும் மேல் இமைத் தோலிலோ இருக்கிறது. அதற்கு வேறு ஒப்பரேஷன். மூலையைத் தைத்து இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

அடுத்து, கீழ் இமையைக் கீழே இழுத்து, கண் சிமிட்டாமல் விடுங்கள். உடனே கண்ணோடு ஒட்டிக்கொண்டால் இமை இறுக்கமாக உள்ளது. மெல்ல ஊர்ந்து போனாலோ, சிமிட்டிய பிறகுதான் ஒட்டினாலோ தளர்வு இருக்கிறது என்று அர்த்தம். இதையே டொக்டரும் செய்து பார்ப்பார்.

2. பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள்

கீழ் இமை, கடைக்கண்ணில் ஒரு தசைநாரால் கண்குழி எலும்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாரை வெட்டாமல், தையல் போட்டு எலும்பின் மேலுறையோடு இழுத்து இறுக்குவது கன்தோபெக்ஸி. நாரை வெட்டிப் பிரித்து, தேவையான அளவு குறைத்து, புதிய இடத்தில் பொருத்துவது கன்தோபிளாஸ்டி. முன்னது சிறியது, வீக்கமும் குறைவு. பின்னதன் பிடி பலமானது, ஆனால் ஆற நாளெடுக்கும். எது வேண்டும் என்பதை இமையின் தளர்வுதான் தீர்மானிக்கும், உங்கள் விருப்பம் அல்ல.

மூக்குப் பக்க மூலையில் செய்வது எபிகன்தோபிளாஸ்டி. கிழக்காசிய முகங்களில் அந்த மூலையை மூடியிருக்கும் தோல் மடிப்பைத் திறப்பதற்காக வந்தது. அந்த மடிப்பு எங்கள் ஆட்களிடம் அபூர்வம். கொரிய வீடியோவைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காதீர்கள். கண்ணீர் வடியும் குழாய்கள் அந்த மூலையில்தான் இருக்கின்றன, தழும்பும் நேரே முகத்தில் தெரியும்.

நூல் போட்டுக் கடைக்கண்ணை மேலே இழுப்பது வேறு சங்கதி. கரையும் நூல் என்றால் சில மாதங்களில் பலன் போய்விடும். அதை பியூட்டி பார்லரில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

3. கண்ணைச் சோதிப்பது, விலை கேட்பதற்கு முன்

வடிவம் பற்றிப் பேசுவதற்கு முன் கண் கிளினிக்கில் முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். முக்கியமானது கண் வறட்சி. ஒரு சிறு தாள் துண்டைக் கீழ் இமைக்குள் வைத்து 5 நிமிடம் பார்ப்பார்கள். அது 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஏற்கெனவே வறண்ட கண்ணில் மூலையை மாற்றினால் எரிச்சலும் உறுத்தலும் கூடி, விறகடுப்புப் புகையில் நிற்கவே முடியாமல் போகலாம்.

உங்கள் கண்கள் சற்று வெளியே தள்ளியவையா என்றும் கேளுங்கள். தொந்தி பெருத்தவர் சாரத்தை இறுக்கிக் கட்டினால் அது வயிற்றுக்குக் கீழே சறுக்குவது போல, பிதுங்கிய கண்ணில் இமையை இறுக்கினால் இமை மேலே ஏறாமல் கீழே இறங்கிவிடும். அந்த முகத்துக்கு முறையையே மாற்றவேண்டும். இதை அளந்து பார்க்காமல் 'செய்யலாம்' என்று சொல்லும் இடத்தில் செய்யாதீர்கள்.

தைரோயிட் வருத்தம் உள்ளவர்கள் அதை மறைக்கவே கூடாது. தைரோயிட்டால் கண் மாறிக்கொண்டிருந்தால் அது அடங்கி, மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்ற பிறகுதான் கை வைப்பார்கள். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் முதலில் கட்டுக்குள் வரவேண்டும். சீனி கூடினால் காயம் ஆறாது, பிரஷர் கூடினால் இரத்தம் நிற்காது.

எங்கள் பகுதிக்கென்றே ஒன்று சொல்லவேண்டும். உடம்பில் எங்காவது செல் துண்டு தங்கியிருக்கிறது என்று தெரிந்தால், சந்தேகம் இருந்தாலும்கூட, எம்.ஆர்.ஐ. என்ற சொல்லைக் கேட்டதுமே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும். கண்ணுக்குக் கிட்ட இருந்தால் பார்வையே போகலாம். எக்ஸ்ரே அல்லது சி.ரி. எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். 'அது பழைய காயம், இப்ப ஒண்டும் செய்யிறேல்ல' என்று பலர் வாய் திறப்பதில்லை.

கொண்டுபோகவேண்டியவை: கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகளின் அட்டைகள், பழைய ஒப்பரேஷன் ரிப்போட், காயத்துக்கு முந்திய முகப்படம் ஒன்று. அந்தப் பழைய படம் இல்லாமல், மூலை முன்பு எங்கே இருந்தது என்று டொக்டர் ஊகிக்கத்தான் முடியும். வீட்டில் இல்லையென்றால் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது எங்களிடம் தொலைந்த படங்கள் பல அவர்களின் அல்பத்தில் இருக்கின்றன.

4. யாரிடம் செய்வது

இதற்கென்று பயிற்சி பெற்றவர் ஒக்கியுலோபிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர். கண் மருத்துவம் படித்து, பிறகு இமையிலும் கண்குழியிலும் தனிப்பயிற்சி எடுத்தவர். இமையில் அனுபவமுள்ள பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரும் செய்யலாம். பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பாருங்கள், இணையத்திலேயே தேடலாம். தமிழ்நாடு போக நினைப்பவர்களுக்கு: சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையிலும் இமை, கண்குழிக்கென்றே தனிப்பிரிவு உண்டு.

சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து, டொக்டரைப் பார்க்கும் நேரம் குறைவு. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் கண்ணுக்கு எந்த முறை, ஏன்? உங்களிடம் செய்தவர்களின் ஆறு மாதம் கழித்து எடுத்த படம் இருக்கிறதா? சரிவராவிட்டால் திருத்தம் யார் செலவில்? சொல்லும் தொகைக்குள் தியேட்டர், மயக்க மருந்து வைத்தியர், மருந்து, பிறகு வந்து காட்டும் நாட்கள் எல்லாம் அடங்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்களுக்குத்தான் பில்லில் அதிர்ச்சி. ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தை மட்டும் காட்டினால் அதை நம்பவேண்டாம். வீக்கம் மூலையை உயர்த்திக் காட்டும்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே அளந்து பேசுங்கள். சாதாரணமாகவே கடைக்கண், மூக்குப் பக்க மூலையைவிட ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். திருத்தம் என்பது ஒன்று இரண்டு மில்லிமீற்றர் கதை. அதுவே முகத்தில் நன்றாகத் தெரியும். போனில் பில்டர் போட்டு, கடைக்கண் நெற்றிப்பொட்டை நோக்கி ஏறிய படத்தைக் காட்டி 'இப்படி' என்று கேட்டால், நல்ல டொக்டர் மறுப்பார். மறுத்தவரை விட்டுவிட்டு ஒத்துக்கொள்ளும் இன்னொருவரைத் தேடிப் போவதுதான் இந்த விஷயத்தில் நான் கண்ட ஆபத்தான பழக்கம்.

5. தங்குமிடம் முதலில், திகதி பிறகு

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவு ஆட்களுக்கு யாழ்ப்பாணமே பக்கத்தில் இல்லை. பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ வந்துதான் ஏ9 வீதியில் ஏறவேண்டும். ஒப்பரேஷன் அன்று பின்னேரமே வானில் படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்தால், அது பெரும்பாலும் முதல் நாளுக்குள்தான். அந்த நேரத்தில் நீங்கள் ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் இருக்கக்கூடாது.

ஆகவே குறைந்தது முதல் இரண்டு இரவும் ஒப்பரேஷன் செய்த வைத்தியசாலைக்குக் கிட்ட தங்குங்கள். முடிந்தால் தையல் வெட்டும்வரை. கரையாத தையல் என்றால் 5 முதல் 7 நாளில் வெட்டுவார்கள். சொந்தக்காரர் வீடு என்றால் மாடிப்படி, புகை, சின்னப் பிள்ளைகள் எல்லாம் யோசித்து முடிவெடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை ஆசையாக முகத்தில் ஒரு தட்டுத் தட்டினால் உள்தையல் விட்டுவிடும். துணைக்கு வருபவருக்கும் ஒரு கிழமை லீவு வேண்டும். இவ்வளவும் சரியென்றால்தான் திகதி எடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். காலபோக அறுவடையும் சூடடிப்பும் நடக்கும் மாசி, பங்குனியில் வயல் வீட்டுக்காரர் செய்துகொள்ள வேண்டாம். உமித்தூசி கண்ணுக்குப் பகை, வேலையும் உங்களைச் சும்மா இருக்க விடாது. கலியாணம் வைத்திருப்பவர்கள் நாளுக்கும் ஒப்பரேஷனுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் விடுங்கள், ஆறு என்றால் நிம்மதி. அதற்கு முன் மூலை சிவந்தோ கூடுதலாக உயர்ந்தோ தெரியும், அல்பத்தில் அது அப்படியே நிற்கும்.

6. முந்திய இரண்டு வாரம்

இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகளைப் பற்றிப் பேசும் நேரம் இது. அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் குடிப்பவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. இதய டொக்டரும் கண் டொக்டரும் சேர்ந்து சொல்லவேண்டும். நோவுக்கு வாங்கும் இபுபுரூபன், டைக்குளோபெனக், மீன் எண்ணெய்க் குளிசை, வைட்டமின் ஈ ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். நாட்டு மருந்து, சூரணம், அரிஷ்டம் குடித்தால் போத்தலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். 'அது மருந்தில்லையே' என்று வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கமாக நடக்கிறது.

சிகரெட், பீடி, சுருட்டு முற்றாக நிற்கவேண்டும். புகை இரத்தக்குழாயைச் சுருக்கும், தோல் ஆறாது.

வேண்டியவற்றை ஊரிலேயே வாங்கி வையுங்கள்: பெரிய கறுப்புக் கண்ணாடி, பனடோல், இரண்டு மேலதிகத் தலையணை, சவர்க்காரத்தில் தோய்த்து வெயிலில் காய்ந்த மெல்லிய துணிகள், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள். தலை வழியாகப் போடும் உடுப்பு இரண்டு கிழமைக்கு வேண்டாம், கழுத்துப் பட்டி மூலையில் உரசும்.

7. அன்றைய நாள்

வயிறு எப்போதிலிருந்து வெறுமையாக இருக்கவேண்டும் என்று சொன்னபடி நடவுங்கள். கண்மை, பொட்டு, கிறீம், நகை எதுவும் வேண்டாம். பெரும்பாலும் விறைப்பு ஊசியும் தூக்கம் வரப்பண்ணும் மருந்தும்தான் கொடுப்பார்கள். ஊசி ஏறும்போது கொஞ்சம் எரியும், பிறகு இழுபடுவது மட்டும் தெரியும். கையெழுத்துப் போடும் தாளில் எந்தக் கண், எந்த முறை என்று எழுதியிருப்பதை வாசித்த பிறகே போடுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

8. முதல் 48 மணித்தியாலம்

தலையை உயர்த்தி மல்லாந்து படுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதைக் கண்டு பயந்து, ஒப்பரேஷன் பிழையாகிவிட்டது என்று அழவேண்டாம். ஐஸ் கட்டியை நொறுக்கிப் பொலித்தீன் பையில் போட்டு, துணியால் சுற்றி, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். அழுத்தாதீர்கள். ஐஸ் நேரே தோலில் படக்கூடாது. விறைத்த தோலுக்குக் குளிர் சுடுவது தெரியாது.

துளி மருந்து விடும் விதத்தை ஒப்பரேஷனுக்கு முன்பே பழகுங்கள். எல்லாரும் செய்வதுபோல் கீழ் இமையை விரலால் இழுத்து விட்டால், புதிதாகத் தைத்த இடத்தையே இழுக்கிறீர்கள். நேராக மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மூக்குப் பக்க மூலையின் குழியில் ஒரு துளி விடச் சொல்லுங்கள். பிறகு தலையை அசைக்காமல் கண்ணைத் திறந்தால் துளி தானாக உள்ளே போகும். வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். போத்தல் வாய் இமையில் முட்டக்கூடாது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை பார்வையையும் சோதியுங்கள். சுவரில் கலண்டரை மாட்டி, ஒரு கண்ணைக் கையால் மறைத்து மற்றக் கண்ணால் திகதியை வாசியுங்கள், பிறகு மாற்றுங்கள். களிம்பு போட்டிருந்தால் சற்று மங்கும், சிமிட்டினால் தெளியும்.

இவற்றில் ஏதாவது வந்தால் நேரம் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்: ஒரு கண்ணில் மட்டும் கூடிக்கொண்டே போகும் கடும் நோவு, பார்வை மங்குவது, கண் வெளியே பிதுங்கிக் கல்லாக இறுகுவது, இரட்டையாகத் தெரிவது, நிற்காத இரத்தம். கண்ணுக்குப் பின்னால் தேங்கும் இரத்தம் பார்வை நரம்பை நெரிக்கும். ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த அமுக்கத்தை இறக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம். டொக்டருக்குப் போன் எடுங்கள், ஆனால் அவர் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். பனடோல் இரண்டைப் போட்டு 'விடிய பாப்பம்' என்று படுப்பதுதான் செய்யவே கூடாதது.

9. ஊருக்குத் திரும்பிய பிறகு

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருக்காதீர்கள். முறிகண்டியில் நிற்கும்போது பிள்ளையாரைக் கும்பிடுங்கள், கற்பூரப் புகைக்குக் கிட்டப் போகவேண்டாம். திருநீறு நெற்றியில் பூசும்போது கண்ணுக்குள் கொட்டும், அதை அம்மாவிடம் கொடுத்துவிடலாம்.

வீட்டில் விறகடுப்பிலிருந்து இரண்டு கிழமைக்கு விலகி இருங்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, குடம் தூக்குவது, குனிந்து புல்லுப் பிடுங்குவது மூன்றும் இரண்டு மூன்று கிழமைக்கு இல்லை. குனிந்தால் முகத்துக்கு இரத்தம் ஏறி வீக்கம் கூடும். உடம்புக்குத் தண்ணீர் வார்க்கலாம். தலை முழுகுவது தையல் வெட்டிய பிறகு, அதுவும் தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொருவர் வார்த்து. குளத்திலும் கடலிலும் இறங்குவது டொக்டர் விட்ட பிறகுதான், ஒரு மாதமாவது போகும்.

முகம் மூடிய ஹெல்மெட்டைக் கழற்றும்போது உள்பஞ்சு கடைக்கண்ணை இழுத்துக்கொண்டு போகும். மோட்டார் சைக்கிளைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கண்மை, பொய் இமை, கொண்டாக்ட் லென்ஸ் எல்லாம் கேட்டுத்தான்.

கண்ணுக்குள் தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் எதுவும் விடவேண்டாம். அன்போடு கொண்டுவருவார்கள், வாங்கி வைத்துவிடுங்கள். வெட்டுக்காயம் உள்ள கண்ணில் கிருமி போக அது ஒன்றே போதும். பார்மசியில் 'சிவப்புக்கு ஒரு துளி' என்று கேட்டு வாங்குவதும் அதேயளவு பிழை. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் கண் அமுக்கம் ஏறலாம். காயத்தில் சீழ், காய்ச்சல், சிவப்பு பரவுவது கண்டால் கிட்டிய மாவட்ட வைத்தியசாலைக்கே போங்கள். யாழ்ப்பாணமோ கொழும்போ போகும்வரை பொறுக்க வேண்டாம்.

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் சவ்வு நீர் கோத்து இமை விளிம்பில் பிதுங்கி நிற்பது கன்தோபிளாஸ்டிக்குப் பிறகு வரக்கூடியது. பார்க்கப் பயமாக இருக்கும், சில கிழமை கூட நிற்கலாம். டொக்டருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, களிம்பைத் தொடரலாமா என்று கேளுங்கள்.

10. முடிவை எப்போது பார்ப்பது

முதல் சில கிழமை மூலை வேண்டியதைவிட உயர்ந்தும் இழுபட்டும் தெரியும். பிறகு தளரும் என்று தெரிந்தே டொக்டர் சற்றுக் கூட்டித் தைப்பார். ஒரு பக்கம் முந்தி ஆறும், மற்றது பிந்தும். பார்க்க வருபவர்கள் 'ஒரு கண் சின்னனாக் கிடக்கு' என்று சொல்லத்தான் செய்வார்கள். மூன்றாம் மாதத்துக்கு முன் அந்தக் கதைக்குக் காது கொடுக்க வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு படம், அதே யன்னல், அதே நேரம், சிரிக்காமல் நேரே பார்த்து எடுங்கள். மூலை உருண்டு போனது, இமைகளுக்கிடையே தோல் சவ்வாக ஒட்டியது, இரு கண்ணும் வேறுபட்டது போன்ற குறைகளை இந்தப் படங்களை வைத்துத்தான் பேசமுடியும். திருத்தம் வேண்டுமென்றாலும் பெரும்பாலும் ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். தழும்பு மெத்தென்று வராத தோலில் மறுபடி வெட்டினால் இன்னொரு தழும்புதான் மிச்சம். அதுவரை வெயிலில் கண்ணாடியும் தொப்பியும் வேண்டும், தழும்பு வெயில் பட்டுக் கறுத்தால் லேசில் போகாது.

ஒன்று விதிவிலக்கு. கண் மூட முடியாமல் கருவிழி காய்ந்து நோகிறது என்றால் ஆறு மாதம் பார்க்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

கடைசியாகக் காட்டும் நாளில் ஒப்பரேஷன் குறிப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்த முறை, என்ன தையல், எந்தப் பக்கம் எவ்வளவு என்று அதில் இருக்கும். நாளைக்கு முல்லைத்தீவில் ஒரு டொக்டர் உங்கள் கண்ணைப் பார்க்க நேர்ந்தால் அவருக்கு அந்தத் தாள் வேண்டும். கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.